மரைக்கு ஏற்ற தோட்டா

நூஜி
07.04.2024

இஞ்சாருங்கோ,

இப்படித் தொடங்கினால் சிரிப்பீர்கள் என்று தெரியும். 'அன்புள்ள கணவருக்கு' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். கந்தோருக்கு விண்ணப்பம் போடுகிற மாதிரி இருந்தது. முப்பத்தொரு வருடமாக இப்படித்தானே கூப்பிட்டேன்! நீங்கள் டார்னெய்டிலும் நான் இந்த மலையிலும் ஆளுக்கொரு பக்கமாக இருந்து மூன்று வருடம் ஆகிறது என்பதற்காகப் புதுப் பெயருக்கு நான் எங்கே போவேன்?

ராகவி சிட்னியிலிருந்து உங்களுக்கும் போன் எடுத்திருப்பாள். "அம்மா, போன்ல கதைக்கத் தொடங்கி மூண்டாவது நிமிசம் ரெண்டு பேரும் ஃபைட். இனி எழுதுங்கோ. எழுத்தில கத்தேலாது" என்று சட்டம் போட்டுவிட்டாள் எங்கள் மகாராணி. இங்கே போனுக்குச் சிக்னலும் ஒழுங்காக இல்லை. அதனால் சம்மதித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்துக்குள் மரை இறங்கிவிட்டது. நாங்கள் மரை என்று சொல்லுகிற பெரிய மானைத்தான் இவர்கள் சம்பர் என்கிறார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னமே இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து காட்டில் விட்டார்களாம். பக்கத்துக் காணி நொரீன் சொன்னா. எங்களுக்கு முன்னம் வந்து, விசாவும் கேளாமல், எவ்வளவு சொகுசாக இருக்குதுகள் பாருங்கோ! போன கிழமை மட்டும் நாலு பாத்தி கோவாவும் லீக்சும் போய்விட்டன. ஆண் மரை கொம்பைத் தேய்த்துத் தேய்த்து, நான் வைத்த ஒன்பது அப்பிள் கன்றின் பட்டையையும் உரித்துவிட்டது. டாண்டினோங் கடைக்காரர்களுக்கு இந்த மாதம் கொடுக்க அரைவாசி மரக்கறிகூட இல்லை. இப்படியே இன்னொரு குளிர்காலம் போனால் நான் காணியை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

வேலி போட்டேன், பாய்ந்து வந்தது. ரேடியோ வைத்தேன், நின்று கேட்டது. நொரீன்தான் சொன்னா, துவக்குக்கு லைசென்ஸ் எடு என்று. வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, துவக்கு வைக்க இரும்பு அலுமாரியும் சுவரில் பூட்டியாயிற்று. ஆனால் எந்தத் துவக்கு? நொரீன் தன்னுடைய த்ரீ-செவன்டி-ஃபைவ் போல ஒன்று வாங்கு என்கிறா. கடைப் பொடியன் வேறொன்று சொல்கிறான். நீங்கள் இருபது வருடமாக லிட்டில் ரிவர் பக்கத்து கிளப்பில் சுடுகிற ஆள். இது உங்களுக்குத் தெரிந்த காரியம். இடத்தைச் சொல்கிறேன்: செங்குத்தான பள்ளம், மரம் உயரத்துக்கு வளர்ந்த பன்னச்செடியும் முட்பற்றையும், எப்போதும் ஈரம். முப்பது நாற்பது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கீழே றோட்டு.

சாப்பாட்டைக் கவனியுங்கோ. முட்டைப்பொரியலும் பாணும் மூன்று நேரச் சாப்பாடு இல்லை.

இப்படிக்கு,
யோகராணி


டார்னெய்ட்
14.04.2024

என்ரை ராணிக்கு,

புது வருட வாழ்த்துகள். இன்று கோயிலுக்குப் போய் உமது பெயரிலும் அருச்சனை செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார், உடனே சொன்னேன். என்னுடையதைக் கேட்க யோசிக்க வேண்டி வந்தது.

நீர் துவக்குத் தூக்குவீர் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ரேஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனால் காதைப் பொத்திக்கொண்டு காருக்குள் இருந்து வாரமலர் வாசித்த ஆளல்லவா! ஆனாலும் என்னிடம் கேட்டீரே, அது எனக்குச் சந்தோசம். உமது கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோய் லேத் மெசினுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தரம் வாசித்தேன்.

விளக்கமாகச் சொல்கிறேன். இந்த எண்களெல்லாம் குண்டின் தடிப்பு. டூ-செவன்டி என்றால் கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூட. மரைக்கு இந்த மாநிலச் சட்டம் அனுமதிக்கிற ஆகச் சிறிசு அதுதான். த்ரீ-செவன்டி-ஃபைவ் ஆபிரிக்காவில் எருமைக்குச் சுடுகிற சாமான். நொரீன் ஆறடி உயரம், அவவுக்கு அது சரி. இன்னும் ஒன்று இருக்கிறது, ஃபோர்ட்டி-ஃபைவ் செவன்டி. பழைய காலத்துத் தோட்டா, சுண்டுவிரல் பருமன் குண்டு, மெதுவாகப் போகும். சிலர் பற்றைக்காட்டுக்கு அதுதான் என்பார்கள். பற்றையை ஊடறுத்துப் போகும் என்று கடைக்காரன் சொன்னால் நம்ப வேண்டாம். எந்தக் குண்டும் கொப்பில் பட்டால் திசை மாறும்.

உமக்கு டூ-செவன்டி போதும். எடை குறைவு, விலை குறைவு, வெடிக்கும்போது தோளில் இடிக்கிற உதையும் குறைவு. குண்டின் எடை நூற்றுமுப்பது கிரெயின் என்று போட்ட தோட்டா வாங்கும். முன்னங்காலுக்குப் பின்னால் குறி வைத்தால் மரை விழும். பெரிய துவக்கெல்லாம் வீண் பகட்டு. நான் சொல்வதைக் கேளும்.

எதை வாங்கினாலும் மிருகத்துக்குப் பின்னால் மண்மேடு இருந்தால் மட்டும் சுடும். கீழே றோட்டு என்று எழுதியிருக்கிறீர், எனக்கு அது யோசனையாக இருக்கிறது. பாரமான மூட்டைகளை ஆரைக் கொண்டாவது தூக்குவியும். தனியாக ஏணியில் ஏற வேண்டாம்.

முட்டைப்பொரியலுக்கு இப்போது வெங்காயமும் போடுகிறேன்.

அன்புடன்,
இந்திரகுமார்


நூஜி
05.05.2024

இஞ்சாருங்கோ,

நீங்கள் சொன்னபடியே டூ-செவன்டி வாங்கினேன். மூட்டை தூக்காதே, ஏணியில் ஏறாதே என்று எழுதியதை வாசித்து எரிச்சல் வந்ததென்றாலும் துவக்கு விஷயத்தில் உங்களை நம்பினேன். நொரீன் உதட்டைப் பிதுக்கினா. "இந்தப் பள்ளத்துக்கு இது காணாது, யோகா" என்றா. "என்ரை மனுசனுக்குத் தெரியும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்றுப் பின்னேரம் சுட்டேன்.

ஆண் மரை. முப்பது அடி கூட இல்லை. பின்னால் மண்மேடு. நீங்கள் சொன்ன இடத்தில்தான் குறி வைத்தேன். வெடித்ததும் அது முன்னங்காலை மடித்தது, விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எழும்பிப் பள்ளத்துக்குள் பாய்ந்துவிட்டது. இரத்தம் இலையில் இரண்டு மூன்று துளி, அதற்குப் பிறகு மழை. நானும் நொரீனும் இருட்டும் வரை தேடினோம். இன்று விடிய அவவின் நாயையும் கூட்டிக்கொண்டு இறங்கினோம். ஓடைக்குள் படுத்திருந்தது. பதினான்கு மணித்தியாலம் கழித்தும் அதற்கு உயிர் இருந்தது.

அது என்னைப் பார்த்தது. நான் துவக்கைக் கீழே வைத்துவிட்டேன், நொரீன்தான் முடித்து வைத்தா. நான் அந்த ஓடைத் தண்ணீருக்குள் இருந்து குழறி அழுதேன். மரக்கறிக்காக ஒரு சீவனை இப்படி வதைத்துப் போட்டேனே! சுடுவதற்கு வந்தவள் ஒரேயடியாகக் கொன்றிருக்க வேண்டும். குளித்துவிட்டுப் பிள்ளையாருக்கு விளக்கு வைத்தேன். சோறு இறங்கவில்லை.

நொரீன் தோலை உரித்துக் காட்டினா. குண்டு தோள் எலும்பில் பட்டுச் சுக்குநூறாகி நின்றுவிட்டது. நெஞ்சுக்குள் போகவே இல்லை. எனக்கு ஒன்று தெரிய வேண்டும். நான் பிழையா, தோட்டா பிழையா? உண்மையைச் சொல்லுங்கோ.

யோகராணி


டார்னெய்ட்
10.05.2024

ராணி,

உமது கடிதம் கிடைத்ததும் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அழ வேண்டாம். எவ்வளவோ பழகியவர்களுக்கும் இப்படி நடக்கிறது.

தோட்டாவில் பிழை இல்லை. குறி ஒரு சாண் முன்னால் போய்த் தோள் எலும்பில் பட்டிருக்கும். முதல் தரம் சுடும்போது கை பதறும், இயல்புதான். மனதில் வைத்திருக்க வேண்டாம். துவக்கைக் கொஞ்ச நாளைக்குப் பூட்டி வையும். உடம்பைக் கவனியும்.

வேறு என்ன எழுத? இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

அன்புடன்,
இந்திரகுமார்


நூஜி
19.05.2024

இஞ்சாருங்கோ,

நான் பிழை என்று சொன்னீர்கள். சரி. கேட்டதற்குப் பதில் வந்தது.

ஒரு கிழமையாக யோசித்தேன். இந்த வேலைக்கு நான் சரிப்பட மாட்டேன் என்று இப்போது எனக்கே தெரிகிறது. ஐம்பத்தாறு வயதில் மலைக் காணி வாங்கித் தனியாகத் தோட்டம் செய்கிறேன் என்று வெளிக்கிட்டதே கொழுப்பு. ஏன் வெளிக்கிட்டேன் என்று உங்களுக்கு நான் ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. அந்தக் கார் அக்சிடென்டுக்குப் பிறகு நீங்கள் என்னை ஒரு சோற்றுப் பானையைக்கூடத் தூக்க விடவில்லை. உடுப்புக் காயப்போட விடவில்லை. கோயிலில் யோகராணி அன்ரி எங்கே என்று கேட்டவர்களுக்கு "அவவுக்கு ஏலாது" என்றீர்கள். எனக்கு என்ன ஏலாது? வலது தோள் எலும்பு முறிந்தது, தகடு வைத்துப் பொருத்தினார்கள், "எல்லாம் வடிவாச் சரி வந்திட்டுதாம்" என்று நீங்கள்தானே டொக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னீர்கள். பிறகும் ஏன் என்னை நோயாளி ஆக்கினீர்கள்? எனக்கு ஏலும் என்று எனக்கே காட்டத்தான் இங்கே வந்தேன்.

இப்போது ஏலாது என்று தெரிந்துவிட்டது. காணி ஏஜன்டை வரச் சொல்லியிருக்கிறேன், அடுத்த சனிக்கிழமை வருகிறான். விற்றுவிட்டு டார்னெய்டுக்கே வருகிறேன். நீங்கள் சொல்லும் கதிரையில் இருக்கிறேன். முன் அறையை ஒழுங்குபடுத்தி வையுங்கோ.

யோகராணி


டார்னெய்ட்
23.05.2024

என்ரை ராணிக்கு,

உமது கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. 'டார்னெய்டுக்கே வருகிறேன்' என்ற வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று கணக்கில்லை. முன் அறைத் திரைச்சீலையைக் கழற்றித் தோய்த்தேன். குசினி அலுமாரியைத் துடைத்தேன். நீர் குடிக்கிற தேயிலையைத் தேடி வெரிபீ வரை போய் வாங்கினேன். இரண்டு நாள் நான் ஒரு புது மாப்பிள்ளை போலத் திரிந்தேன், ராணி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இன்று வேலையில் கை ஓடவில்லை. இதை எழுதினால் நீர் வரமாட்டீர் என்று தெரியும். எழுதாமல் விட்டால் வருவீர். ஆனால் உமக்கு ஏலாது என்று நீரே நம்பிக்கொண்டு வருவீர். அப்படி உம்மை இந்த வீட்டில் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நீர் பிழை விடவில்லை. தோட்டாதான் பிழை. அந்த இடத்துக்கு அந்தத் தோட்டா சரிவராது என்று எனக்கு முதல் கடிதத்திலேயே தெரியும். முப்பது அடியில் அவ்வளவு வேகமான சின்னக் குண்டு எலும்பில் பட்டால் உடைந்துதான் போகும். பள்ளம், ஈரம், பற்றை, ஓடினால் தேடவே முடியாத இடம். இதற்கு அகலமான, பாரமான, மெதுவாகப் போகிற குண்டு வேண்டும். ஃபோர்ட்டி-ஃபைவ் செவன்டிதான் சரி. கிளப்பில் வேறு எவர் கேட்டிருந்தாலும் ஒரு நிமிசத்தில் சொல்லியிருப்பேன். உமக்குச் சொல்லவில்லை. அதன் உதையை நினைத்துப் பயந்தேன்.

ஏன் பயம் என்றும் சொல்கிறேன். 2019 டிசம்பர், ஆஸ்பத்திரியில் நீர் மருந்து மயக்கத்தில் படுத்திருந்தீர். தமிழில் சொல்ல இன்டர்பிரெட்டர் வர ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். "தேவையில்லை, நான் சொல்லுறன்" என்றேன். டொக்டர் சொன்னது இதுதான்: தகடு வைத்திருக்கிறோம், ஆனால் எலும்பு நொருங்கியிருக்கிறது, அது சேராமலும் போகலாம். மூன்று மாதத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். சேராவிட்டால் பலமான அடி எதுவும் படக்கூடாது, தகடு முறியும். நீர் என்னைப் பார்த்து "என்னவாம்?" என்றீர். காரை ஓட்டியவன் நான். உமது முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. "எல்லாம் வடிவாச் சரி வந்திட்டுதாம்" என்றேன்.

மூன்று மாதத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். மார்ச்சில் கொரோனா வந்து அப்பொயின்ட்மென்டை போனுக்கு மாற்றினார்கள். அந்த போனையும் நான்தான் எடுத்தேன். அவ நல்லா இருக்கிறா என்று சொல்லி வைத்துவிட்டேன். எக்ஸ்ரே எடுத்தால் என்ன வருமோ என்ற பயம். அதற்குப் பிறகு பானையும் வாளியும் ஏணியும் எல்லாமே எனக்கு எதிரியாகத் தெரிந்தன. நான் செய்ததைப் பாதுகாப்பு என்று நினைத்தேன். உம்மைத் துரத்திவிட்டேன் என்று உமது கடிதத்தை வாசித்தபோதுதான் விளங்கியது. அந்த மரையும் என்னால்தான் அப்படிச் செத்தது.

தயவுசெய்து ஒரு எக்ஸ்ரே எடும். காணியை விற்க வேண்டாம்.

உமது,
இந்திரகுமார்


நூஜி
02.06.2024

கடிதம் கிடைத்தது. ஏஜன்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நான் எழுதும் வரை நீங்கள் எழுத வேண்டாம்.

யோ.


நூஜி
14.07.2024

இஞ்சாருங்கோ,

ஆறு கிழமை உங்களைத் தவிக்க விட்டேன். தவித்திருப்பீர்கள் என்று தெரியும். தவியுங்கோ என்றுதான் விட்டேன்.

முதல் கிழமை இந்த வீட்டுக்குள் தனியாக நின்று உங்களைப் பேசாத பேச்சு இல்லை. ராகவி சொன்ன மாதிரி எழுத்தில் கத்த முடியாது, அதனால் ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போய்க் கத்தினேன். என் எலும்பு! என் உடம்புக்குள் இருக்கிற எலும்பு! அதைப் பற்றி எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இரவில் தோள் குத்தினால் வயசாகுது என்று நினைத்து நான் படுத்திருக்க, பக்கத்தில் நீங்கள் காரணம் தெரிந்துகொண்டு படுத்திருந்தீர்கள்.

இரண்டாம் கிழமை வாரகல் டவுனுக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தேன். எனக்கு இங்கிலிஷ் இப்போது போதும், ஆனாலும் இன்டர்பிரெட்டர் வேண்டும் என்று கேட்டேன். போனில் விஜயா என்று ஒரு பிள்ளை வந்தாள். "டொக்டர் சொல்லுறதை ஒண்டும் விடாமல், கூட்டாமல் குறைக்காமல் சொல்லு பிள்ளை" என்றேன். "அன்ரி, அதுதான் என்ரை வேலை" என்றாள்.

எலும்பு சேர்ந்திருக்கிறதாம். நல்லாகச் சேர்ந்திருக்கிறதாம். முறிந்த முதல் வருடத்திலேயே சேர்ந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். தகட்டு முனை குளிருக்குக் குத்துகிறதே தவிர வேறொன்றும் இல்லை. துவக்கு உதைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். எல்லோருக்கும் போலத்தான், கன்றிப்போகும் என்றார். விஜயா அதைத் தமிழில் சொல்லும்போது சிரித்துவிட்டாள். நான் வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதேன். ஒரு படம், பத்து நிமிசம். 2020இல் எடுத்திருந்தால் எனக்கு இந்த மலையும் தேவைப்பட்டிருக்காது, உங்களுக்கு அந்தத் தனி வீடும் வந்திருக்காது. இல்லாத முறிவுக்குக் காவல் இருந்தீர்களே, மனுசா! நீங்களும் பாவம்தான். அதை நினைக்க எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. மிச்சப் பாதி இருக்கிறது, அது நீங்கள் வந்த பிறகு வாயால் சொல்லித் தீர்க்க வேண்டியது.

டூ-செவன்டியைக் கடையில் கொடுத்து மாற்றி ஃபோர்ட்டி-ஃபைவ் செவன்டி வாங்கினேன். கடைப் பொடியன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அன்ரி இதின்ரை உதையைத் தாங்குவாவோ" என்று நினைத்திருப்பான். ரேஞ்சில் முதல் வெடிக்கு இரண்டடி பின்னால் போனேன், நொரீன் பிடித்துக்கொண்டா. ஐந்தாவது வெடிக்குக் காலை ஊன்றி நிற்கப் பழகிவிட்டேன்.

நேற்றுப் பின்னேரம் கோவாப் பாத்திக்கு மேலே இன்னொரு மரை வந்தது. பெரிய ஆண், கொம்பு மூன்று கிளை. முப்பத்தைந்து அடி, பின்னால் மண்மேடு. ஒரு வெடிதான். நின்ற இடத்திலேயே மடங்கிப் படுத்தது, ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். அதற்குத் தெரிந்திருக்காது என்று நம்புகிறேன். இந்த முறையும் அழுதேன், ஆனால் ஓடைக்குள் அழுத அழுகை இல்லை. நொரீன் பாதியைக் கொண்டுபோனா. மிச்சத்தை வெட்டி உப்பும் மஞ்சளும் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் மட்டும் மறைக்கவில்லை, நானும் மறைத்தேன். டார்னெய்டில் இருந்தபோது தோள் நோகும் நாட்களிலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று சிரித்தேன். நொந்தது என்று சொன்னால் இன்னும் இரண்டு வேலையை என் கையிலிருந்து பறிப்பீர்கள். அதனால் நோவை எல்லாம் எனக்குள் வைத்துக்கொண்டேன். அப்படியே பழகிப்போய் வேறு எதையும் உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இன்று காலை எழும்பினால் வலது தோள் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துக் கன்றிப்போயிருக்கிறது. கை தூக்க முடியவில்லை, தலைகூட வாரி இழுக்கவில்லை. நொரீனிடம் ஒன்றுமில்லை என்றேன். ராகவிக்கும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, அதுதான் இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு இவ்வளவும் எழுதுகிறேன்.

நோகுதப்பா. நல்லா நோகுது. வந்து தைலம் பூசிவிடுங்கோ.

உங்கள்,
ராணி